தலை நிமிர்ந்த கிளி

போன ஞாயிறு வேலூர்க் கோட்டைக் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் இதெல்லாம் ஆரம்பித்தது. மழையில் நனைந்த தோல் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு நிற்கிற இடம் மறந்துவிடும். யாருடைய ஷூவையோ எடுத்துத் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா, செருப்பு வுட வந்தியா, வாங்க வந்தியா?" என்றார் செருப்புக் காவல்காரர்.

அசடு வழிய உள்ளே போனால், கல்யாண மண்டபத்தில் மைக் பிடித்தபடி தனபால் சார்! ரிட்டயரானதும் கோட்டை சுற்றிக்காட்டுகிறாராம்.

ஆம்பூர் ஷூ கம்பெனியில், சாம்பிள் ரூமில் என் முதல் வேலை. அவர்தான் மேனேஜர். சாம்பிள் செய்தவர் பேரை அட்டையில் எழுதி ஷூவில் கட்டுவோம். ஷூ ஆர்டர் கொடுக்க வெளிநாட்டு பையர்கள் வரும் நாளில் பார்த்தால் அட்டையில் அவர் பேர் இருக்கும். என் கோட்டைப் பைத்தியம் தெரிந்ததும், "பையர்ஸ கூட்டிட்டுப் போறேன், குறிப்பு எழுதிக் குடும்மா" என்றார். லீவு நாளெல்லாம் தூண் தூணாக அலைந்து நாலு பக்கம் எழுதினேன். யாளிகள், அகழி, விதானத்தில் தாமரையைச் சுற்றித் தலைகீழாகத் தொங்கும் கல்கிளிகள். எல்லாம் தன் ஆராய்ச்சி என்று உள்ளே அளந்தார். நான்? வெளியே, பையர்களின் ஷூக்களுக்குக் காவல்.

தையல் லைன் யாஸ்மின் என் தோஸ்த். "உன் பேர சொன்னாரா?"

"எங்க சொன்னாரு!"

"அப்ப அடுத்த தபா ஜாஸ்தியா ஒண்ணு சேத்துக் குடு. இல்லாதத."

சேர்த்தேன். ஒரு கிளி மட்டும் தலை நிமிர்ந்திருக்கும், அதைக் கண்டுபிடிப்பவருக்கு ஃபாரின் யோகம் என்று. அடுத்த பையர்களோடு போய்வந்த மறுநாள் சார் கழுத்தில் தைலம் மணக்க வந்தார். "நான் கண்டுபிடிச்சிட்டேன்!" என்றார். நாங்கள் பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்தோம்.

இன்று அந்தக் கம்பெனி இல்லை. யாஸ்மின் கல்யாணமாகிப் பேர்ணாம்பட்டு போய்விட்டாள். என் நாலு பக்கத்தில் மிஞ்சியது அந்தப் பொய் ஒன்றுதான், அதுவும் அவர் பேரில். போன ஞாயிறும் சார் மைக்கில் அந்தக் கிளியைச் சொல்ல, கூட்டம் மொத்தமும் கழுத்து நோக அண்ணாந்து நின்றது. பக்கத்தில் பாய்கிற யாளியை ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்கும் பங்குண்டு, உறுத்தத்தான் செய்தது. ஆனால் கோபம் அதைவிட ஜாஸ்தி.

அங்கிருந்தே யாஸ்மினுக்குப் போன் போட்டு, நடந்ததையும் என் யோசனையையும் சொன்னேன். "வர்றேன்டி. பெரிய டார்ச் எடுத்துக்கறேன்" என்றாள்.

வரும் ஞாயிறு முன்வரிசையில் நிற்போம். அவர் கிளிக்கு வந்ததும், டார்ச்சை அவர் கையில் கொடுப்பேன். "கண்டுபிடிச்சது நீங்கதானே சார். எல்லாருக்கும் காட்டுங்க."