சல்லடை அத்தானின் பில்டர்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் படகுத்துறையில் வைத்த பெயர் சல்லடை. பயணிகள் படகுகளின் டீசல் எஞ்சின்களைப் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக் அவர். டீசலைத் துணியில் வடிகட்டாமல் டேங்கில் ஊற்றினால் ஊற்றினவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஆட்கள் நிறைந்த படகு ஒன்று ஆற்றின் நடுவே எஞ்சின் நின்றுபோய்ப் பாலத்துத் தூணை நோக்கி அடித்துக்கொண்டு போயிருக்கிறது. கயிறு வீசி எப்படியோ பிடித்துவிட்டார்கள். பிறகு பிரித்துப் பார்த்தால், குழாயை அடைத்திருந்தது ஒரு துணுக்கு அழுக்கு. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அத்தான் மட்டும் அதிலிருந்து மீளவே இல்லை. டீயைக்கூட இரண்டு தடவை வடிகட்டுவார். நான் வடிகட்டிக் கொடுத்த டீயைத்தான் மறுபடியும் வடிகட்டுவார். "கோவிச்சுக்காத விசிலு, கண்ணுக்குத் தெரியாததுதான் ஆளைக் கவுத்துவிடும்" என்பார். நான் பஸ் கண்டக்டர். அதனால் அவர் வாயில் எனக்கு அந்தப் பெயர்.

நல்ல மனிதர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போகப்போக எனக்குக் கோபம் வரும், அப்போது சொல்ல மறந்துவிடுவேன்.

அக்கா தையல்காரி. சந்தில் சின்னக் கடை, கால்மிஷின், எதிரே ஒரு கண்ணாடி. துணி வெட்டி வெட்டியே அவளுடைய வலது மணிக்கட்டு தேய்ந்துவிட்டது. சில நாள் பாட்டில் மூடியைத் திறக்கக்கூட யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். அவளுக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான். இன்னொன்றைக் கல்யாணத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள். "இருக்கிற ஒண்ணைக் காப்பாத்திக்கணும்னா நாள் பூரா தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை அக்காவைவிட அத்தான்தான் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். பிள்ளை குட்டி இல்லாத வீடு. அவருக்கு இருந்த கவலை எல்லாம் அந்த ஒரு சிறுநீரகத்தின் மேல்தான்.

ஓய்வு பெற்றதும் பழைய படகு ஒன்றை வாங்கினார். துறையின் ஓரத்தில் கட்டிப்போட்டு அதிலேயே குடியிருப்பதாக ஏற்பாடு. தரையில் படுத்தால் தூக்கம் வரவில்லையாம். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரிடம் யார் பேசுவது? அக்கா கடையை மூடிவிட்டுப் பின்னாலேயே போனாள். முன்பக்கம் ஒரு கட்டில், அதற்கு அடியில் தண்ணீர்த் தொட்டி. பின்பக்கம் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அதன் பக்கத்தில் ஒரு கைப்பம்பு. பிடியை மேலும் கீழும் அமுக்கினால் கட்டிலுக்கு அடியிலிருந்து தண்ணீர் வரும். அந்தத் தண்ணீரில் ரப்பர் வாடை அடித்தது. முதல் வாய் குடித்ததும் அக்கா முகம் சுளித்தாள். அத்தான் அன்றைக்கே பில்டர் வாங்கக் கிளம்பிவிட்டார்.

படகுச் சாமான் கடையில் நானும் கூட இருந்தேன். கடைக்காரம்மா வரிசையாக எடுத்து வைத்தார். அத்தான் ஒவ்வொன்றிலும் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுல ஓட்டை எவ்வளவு சின்னது?" கடைசியில் இருப்பதிலேயே நுணுக்கமானதைக் கையில் எடுத்தார்.

"அது மோட்டார் வெச்ச படகுக்குங்க" என்றார் கடைக்காரம்மா. "கைப்பம்புக்குப் போட்டா அமுக்குறது கனமா இருக்கும்."

"இருக்கட்டுமேம்மா. நான் அமுக்க மாட்டேனா?"

எஞ்சினைத் தூக்கி இறக்கின கை அவருடையது. பம்புக்கும் குழாய்க்கும் நடுவே பில்டரைப் பொருத்தி, ஒரு தம்ளர் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றாள் அக்கா. உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டார். வடிகட்டின தண்ணீரைப் பிடித்து வைக்கக் கூடாது, வைத்தால் கெட்டுப்போகும், வேண்டும்போது அவ்வப்போது அமுக்கிக் குடிக்க வேண்டும். சொன்னதில் தப்பில்லை, டீசல் படித்த மனிதர் தண்ணீரையும் விசாரித்துத்தான் வைத்திருந்தார். சொல்லிவிட்டுக் காலையில் பக்கத்துப் படகுகளின் எஞ்சினைப் பார்க்கப் போய்விடுவார். மாலையில் திரும்பி வந்ததும் முதல் கேள்வி அதுதான்: "தண்ணி எப்படி இருக்கு?" அக்காவும் அதே பதிலைச் சொல்வாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது, இடுப்பில் வலி, கால் வீக்கம். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். சிறுநீரில் கிருமி என்றார்கள். கிருமி என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், அத்தான் நேராகக் கடைக்குப் போய் இன்னொரு பில்டர் வாங்கி, பழையதற்கு அடுத்தாற்போல அதையும் மாட்டிவிட்டார். முதலாவதில் தப்பித்தது இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும் என்று கணக்கு.

அக்கா வீடு திரும்பியபோது நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். மாத்திரைக்குத் தண்ணீர் வேண்டும். போய்ப் பிடியை அமுக்கினேன், அசையவில்லை. இரண்டு கையாலும் தொங்கினேன். கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, ஒரு நூல் கணக்கில் தண்ணீர் வந்தது. அரைத் தம்ளர் நிறைவதற்குள் எனக்குத் தோள்பட்டை விட்டுப்போயிற்று. நாள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நிற்கிற உடம்பு என்னுடையது.

திரும்பி அக்காவைப் பார்த்தேன். உதடு வெடித்திருந்தது. அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீ எப்படிக்கா இதை அமுக்குற?"

அவள் மாத்திரை அட்டையைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன்னைத்தான் கேக்குறேன்."

"காலைல அவர் இருக்கும்போது ஒரு தம்ளர். சாயங்காலம் வந்ததும் ஒண்ணு" என்றாள். "நடுவுல முடிஞ்சா கொஞ்சம். மணிக்கட்டு விட்டுப்போகுதுடி."

"வாயைத் தொறந்து சொன்னா முத்தா உதிர்ந்துரும்?"

"எவ்வளவு ஆசையாப் போட்டாரு தெரியுமா? சொன்னா வேலைக்குப் போகாம எனக்குப் பம்பு அடிச்சுக்கிட்டு உட்காந்துருவாரு. அவரால சும்மா உட்கார முடியாதுடி."

எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. அத்தான் படகில் கால் வைத்ததும் பிடித்துக்கொண்டேன்.

"அத்தான், அக்காவுக்குக் காய்ச்சல் வந்தது அழுக்குத் தண்ணியால இல்ல. தண்ணியே குடிக்காததால."

"என்ன பேசுற விசிலு? சுத்தமான தண்ணி..."

"சுத்தமாத்தான் இருக்கு, யார் இல்லேன்னா? எஞ்சினுக்குப் பம்பு இருக்கு அத்தான், எவ்வளவு கனமான பில்டர் போட்டாலும் இழுக்கும். இங்க பம்பு அக்காவோட கை. அந்தக் கையை ஒரு தடவையாவது பாத்தீங்களா?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"தினமும் கேட்டேனே" என்றார் அவளிடம். "நல்லா இருக்குன்னு சொன்னியே."

"தண்ணி எப்படி இருக்குன்னுதானே கேட்டீங்க" என்றாள் அக்கா.

அத்தான் ஸ்பானரை எடுத்து இரண்டு பில்டரையும் கழற்றினார். கழற்றி முடித்த பிறகும் வெகுநேரம் தொட்டிக்கு முன்னால் மண்டியிட்டபடியே இருந்தார். அவரை அப்படிப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் போய்த் தூக்கிவிட மனம் வரவில்லை.

அடுத்த தடவை கடைக்கு அக்காவையும் அழைத்துப் போனார். இந்த முறை ஓட்டையைப் பற்றி வாய் திறக்கவில்லை. "இவங்க கையால அமுக்கித் தண்ணி வரணும். அதுக்கு எது தோதுப்படும்?" என்று கேட்டார். கடைக்காரம்மா பருமனான பில்டர் ஒன்றைக் காட்டினார். உள்ளே இடம் அதிகம், அதனால் தண்ணீர் தடையில்லாமல் போகும், வாடையையும் நிறுத்தும். கிருமிக்குத் தொட்டியில் மருந்து கலந்துகொண்டால் போதும் என்றார். வாளித் தண்ணீரில் கைப்பம்பை வைத்து மாட்டிக் காட்டினார். அக்கா அமுக்கினாள், தண்ணீர் வந்தது.

"சுலபமா இருக்கு" என்றாள்.

"நீ சொன்னா இனிமே நான் நம்ப மாட்டேன்" என்றார் அத்தான். "இன்னொரு தம்ளர் பிடி."

இரண்டாவது தம்ளர் பாதியில் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் பில்டரைக் கீழே வைத்துவிட்டார். அக்கா களைத்துப்போய் ஓரத்திலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். தரையில் ஒரு பலகையில் வேறொரு பம்பைப் பொருத்தி வைத்திருந்தார்கள், காலால் மிதிக்கிறது. யாரும் அவளை மிதிக்கச் சொல்லவில்லை. அவள் பாதம் தானாக அதன் மேல் ஏறியது. குதிகால், முன்பாதம், குதிகால், முன்பாதம். கடையில் மிஷின் மிதித்த கால் அது, அந்த வேலையை மறக்கவில்லை. அத்தான் அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதை எடுத்துக்கலாமாங்க?" என்றாள் அக்கா. படகுக்கு வந்த பிறகு அவள் தனக்கென்று வாயைத் திறந்து கேட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

கால்பம்பும் பருமனான பில்டருமாகப் பொருத்தினார். அதற்குப் பிறகு அவள் குடித்தாள், நினைத்தபோதெல்லாம் குடித்தாள். அத்தான் தூரத்து வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டு மேல்தளத்திலேயே உட்கார்ந்து சின்னச் சின்ன ரிப்பேர் பார்த்தார். கீழே மிதிக்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதை நிறுத்திவிடுவார். அக்கா குடித்துவிட்டுத் தம்ளரை வைக்கிற சத்தம் கேட்ட பிறகுதான் மறுபடி ஸ்பானரைத் தொடுவார். அது தெரிந்து அக்காவும் தம்ளரைக் கொஞ்சம் சத்தமாகவே வைப்பாள். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. அடுத்த பரிசோதனையில் டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார். அங்கே நடந்ததை அக்கா பிறகுதான் எனக்குச் சொன்னாள். அந்த ஒற்றைச் சிறுநீரகம் ஏற்கெனவே வெகுவாகத் தேய்ந்துவிட்டதாம்.

"இனிமே தண்ணியை அளந்துதான் குடிக்கணும். உள்ள போறது வெளிய வரலைன்னா உடம்புல தங்கிடும்."

"நிறையக் குடிக்கச் சொன்னீங்களே சார்" என்றார் அத்தான்.

"அது அப்போ."

"நான் போட்ட பில்டராலயா சார்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்." அத்தான் தலையை ஆட்டினார். திரும்பும்போது அவர்கள் ஏறியது என் பஸ்ஸில். டிக்கெட் கொடுத்தது நான்தான். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

போன வாரம் போயிருந்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாட்டில், அக்காவின் அன்றைய தண்ணீர் முழுவதும் அதில்தான். அத்தான் வெயிலில் வியர்த்து நனைந்த சட்டையோடு மேலேயிருந்து இறங்கி வந்து, அக்காவின் எதிரில் குடிக்கக் கூசி, தொண்டை வறள உட்கார்ந்திருந்தார். அக்கா எழுந்தாள். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பம்பை மிதித்தாள். தம்ளர் நிறைந்தது. அதை அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

"அப்புறமாக் குடிக்கிறேன்."

"நான் பாக்கணும். குடிங்க."

அவர் குடித்தார். அவருடைய தொண்டை ஏறி இறங்குவதையே அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தம்ளர் காலியானதும் கேட்டாள்.

"தண்ணி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு" என்றார் அத்தான். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அவருக்கு இன்னொரு தம்ளர் பிடிக்க மிதிக்க ஆரம்பித்தாள்.