தனலெட்சுமி ஏன் பின்னால் எறிந்தார்

தனலெட்சுமி அக்கா கைக்குத் தட்டு போனால் தொலையாது என்று எங்கள் கிள்ளான் ஊர் முழுக்கப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அக்காவுக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க் வேலை. ஞாயிறு காலைகளில் எங்களோடு ஃபிரிஸ்பீ, தட்டு எறிந்து பிடிக்கும் ஆட்டம். இந்த ஆட்டத்தில் தட்டு கைக்கு வந்துவிட்டால் ஓடக்கூடாது. எதிரணி பத்து எண்ணுவதற்குள் யாருக்காவது எறிந்துவிட வேண்டும். எதிர்ப்பக்க எல்லைக்கோட்டுக்கு உள்ளே நம் ஆள் பிடித்தால் ஒரு புள்ளி. கீழே விழுந்தாலோ எதிரணி பிடித்தாலோ தட்டு அவர்களுக்கு. அதனால் எங்கள் கேப்டன் சுகுமாறன் ஒரு வழக்கம் வைத்திருந்தார்: பயிற்சியில் தட்டைத் தொலைத்தவர் திடலை ஒரு சுற்று ஓட வேண்டும். எங்கள் அணிப் பையன் வாசு நீளமாக எறிந்து தொலைத்தால் மட்டும், "அது முயற்சி லா" என்று விட்டுவிடுவார். அதே எறியை அக்கா எறிந்து தொலைத்தால் சுற்று. என்ன அநியாயம் இது! இரண்டு வருஷம் ஓடி ஓடி, அக்கா தூரமாக எறிவதையே விட்டுவிட்டார். பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுப்பார், இல்லாவிட்டால் பின்னால் நிற்கும் வாசுவுக்கு.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் காஜாங்கில் நடந்தது. அக்காவுக்கு முப்பத்து நான்கு வயது; இந்தத் தடவை விட்டால் அவ்வளவுதான் என்று அவரே சொல்லியிருந்தார். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. தட்டு அக்கா கையில். நான் எல்லைக்கோட்டுக்கு உள்ளே தனியாக நிற்கிறேன், பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. கையைத் தூக்கிக் கத்தினேன். எண்ணிக்கை ஏழு, எட்டு. அக்கா திரும்பி வாசுவிடம் தள்ளிவிட்டார். அவன், எதிரணியில் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்ற எங்கள் அஸ்வினுக்கு நீளமாக எறிந்தான். எதிரணி பிடித்துக்கொண்டது. அடுத்த நிமிஷம் தோற்றோம்.

மாலையில் வாட்ஸ்அப்பில் பட்டியல் வந்தது. வாசு இருந்தான். அக்கா இல்லை. சுகுமாறனுக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அக்காவுக்கு ரிஸ்க் எடுக்கத் தைரியம் போதாது என்று ஆள் எடுக்க வந்தவர்கள் சொன்னார்களாம்.

"தூரமா எறின்னு நானும் எத்தனையோ தடவ சொல்லிட்டேன் லா, கேட்டாத்தானே," என்றார், கொஞ்சமும் கூசாமல். சீ என்று வைத்துவிட்டேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்திருக்க மாட்டீர்கள், விடுங்கள் என்று ஆறுதல் சொன்னேன்.

"பாத்தேன்டி," என்றார். "உன்னத்தான் பாத்தேன். மேட்ச்ல யாரும் சுத்தி ஓடச் சொல்ல மாட்டாங்கன்னு தெரியும். ஆனாலும், விழுந்தா ஓடணுமேன்னுதான் மொதல்ல தோணிச்சு."