வார்டு வாசலில் நின்ற பொம்மை

நான் இதுவரை பலமுறை செத்திருக்கிறேன். மாரடைப்பில், மருந்து ஒவ்வாமல், ரத்தம் நிற்காமல், ஒருமுறை இரண்டு பேர் சேர்ந்து தூக்கும்போது கட்டிலிலிருந்து கீழே விழுந்து. சாயங்காலம் கடலூருக்குத் திரும்பி மஞ்சக்குப்பத்து வீட்டுக் கதவைத் தட்டினால், என் கணவர் கேட்கும் முதல் கேள்வியே, "இன்னிக்கு எப்டி, செத்தியா பொழச்சியா?" என்பதுதான். செத்த நாளில் டீ அவர் போடுவார். பிழைத்த நாளில் நான் போட வேண்டும். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு.

வேலை சிதம்பரத்தில், வடக்கு வீதியை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மாடியில். ரொம்ப வருஷம் நர்சிங் பள்ளியில் டியூட்டராக இருந்தேன். இப்போது இந்தப் பயிற்சி மையத்தில், கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருக்கும் ஆஸ்பத்திரியில் நான் நோயாளி. கடிதம் எழுதும்போது மெய்நிகர் உலகம் என்று கௌரவமாக எழுதுவோம். பேச்சில் அது "அந்த வார்டு" மட்டும்தான். கல்யாணம், பிள்ளைப்பேறு என்று நர்ஸ் வேலையை விட்டவர்கள், மறுபடி வேலைக்குப் போகுமுன் இங்கே வந்து பழகுகிறார்கள். ஆளுக்கொரு கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், வாய்க்குப் பக்கத்தில் மைக். திரையில் ஆளுக்கொரு உருவம் நடக்கும். அதற்கு ஏதோ பெயர் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் முதல் நாளே அதைப் பொம்மை ஆக்கிவிட்டார்கள், நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். என் பொம்மை கட்டிலில் படுத்திருக்கும். நான் கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதற்குக் குரல் கொடுப்பேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. அதிலும், "எனக்கு இதெல்லாம் வராது மேடம்" என்று யாராவது ஆரம்பித்தால் சுர்ரென்று ஏறிவிடும். பஸ்ஸில் கடலூர் தாண்டி செம்மங்குப்பம் வருவதற்குள் போனில் எத்தனை வீடியோவைத் தள்ளித் தள்ளிப் பார்த்திருப்பார்கள் இதே கையால்! அந்தக் கைக்கு ஒரு அம்புக்குறியை அழுத்த வராதாமா?

ஆரம்பத்தில் கீபோர்டில் எந்தச் சாவியை அழுத்தினால் என்ன நடக்கும் என்று போர்டில் எழுதிப்போட்டுத்தான் பாடம் நடத்தினேன். அழகாகக் கேட்டுக்கொள்வார்கள். உள்ளே போனதும் பொம்மைகள் எல்லாம் சுவரைப் பார்த்து நின்றபடி நடந்துகொண்டே இருக்கும். ஒருநாள் கத்திக் கத்தி நிஜமாகவே என் தொண்டை வறண்டுபோய், மைக் திறந்திருப்பதை மறந்து, "யாராவது கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா" என்றேன். கட்டிலில் படுத்திருக்கும் நோயாளி கேட்டதாக நினைத்து மொத்த வார்டும் என்மேல் பாய்ந்தது. ஒரு பொம்மை கட்டில்மேல் ஏறி நின்றது. ஒன்று ஜன்னல் வழியே வெளியே போய்விட்டது. ஒன்று மட்டும் மேஜையிலிருந்த டம்ளரை எடுத்து, சாய்க்காமல் கொள்ளாமல் என் வாயருகே நீட்டியது. அரைமணி நேரமாக முன்னால் ஒரு அடி வைக்கத் தெரியாமல் நின்ற பெண்ணுடைய பொம்மை அது! அன்றோடு போர்டைத் துடைத்துவிட்டேன். அதற்கப்புறம் எந்தக் குழு வந்தாலும் முதல் பாடம் தண்ணீர்தான். உள்ளே விட்டுவிட்டு, நான் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்பேன்.

பரங்கிப்பேட்டைப் பெண் வந்ததும் இப்படி ஒரு குழுவில்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், கறுப்பு புர்கா, மெல்லிய குரல். நர்சிங் முடித்து கொஞ்ச காலம் வேலை பார்த்து, கல்யாணத்தோடு விட்டவள். கணவர் துபாயில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகெலும்பில் அடிபட்டு ஊர் திரும்பிவிட்டார். இனி அவரால் வண்டியில் ஏறி உட்கார முடியாது. சிதம்பரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி இவளை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது, ஆனால் எங்கள் வார்டில் நடக்கும் தேர்வில் தேறிய சான்றிதழ் வேண்டும் என்றார்கள். இந்தக் குழுவை விட்டால் அடுத்த தேர்வு எப்போது என்று எங்களுக்கே தெரியாது. ஆஸ்பத்திரி அதுவரை காத்திருக்காது. இதையெல்லாம் அவள் அழாமல், தலையைக் குனிந்துகொள்ளாமல் சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது.

வழக்கம்போல நான் படுத்துக்கொண்டு தண்ணீர் கேட்டேன். ஒரே களேபரம். திருவந்திபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மாளின் பொம்மை இன்னொரு பொம்மையை மிதித்துவிட்டது. அவர் சட்டென்று பக்கத்து நாற்காலியில் இருந்தவளின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சிரித்து முடித்துப் பார்த்தால் எல்லாப் பொம்மையும் உள்ளே இருக்கிறது, ஒன்று மட்டும் வார்டு வாசலிலேயே நிற்கிறது. பரங்கிப்பேட்டைப் பொம்மை.

"ஏம்மா அங்கயே நிக்கற? மேல் அம்புக்குறிய அழுத்து, உள்ள வரும்."

"அது தெரியுது மேடம்."

"தெரிஞ்சா வர வேண்டியதுதானே?"

மைக்கில் அந்த மெல்லிய குரல் வந்தது. "செருப்ப எங்க வுடறது மேடம்?"

நான் திரையை உற்றுப் பார்த்தேன். எல்லாப் பொம்மைகளுக்கும் காலில் சாம்பல் நிற ஷூ. அதைச் செய்த கம்பெனி பொம்மையோடு சேர்த்துத் தைத்து அனுப்பியது. இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை. சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்குமுன் இன்னொன்று நடந்தது. உள்ளே இருந்த பொம்மைகள் ஒவ்வொன்றாகக் குனிந்து தங்கள் காலைப் பார்த்தன. திருவந்திபுரத்து அம்மாளின் பொம்மை முதலில் திரும்பி வெளியே நடந்தது. பின்னாலேயே மற்றதும். கடைசியில் கட்டிலில் நான் மட்டும் தண்ணீருக்கு வாயைத் திறந்துகொண்டு கிடந்தேன்.

எழுந்து கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனேன். அத்தனை பேரும் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தார்கள். செருப்பெல்லாம் எங்கள் அறை வாசலில், வெளியே. நானே அங்கேதான் விட்டிருந்தேன்.

"அது வெறும் படம்மா. தரை அழுக்காவாது" என்றேன்.

"படம்னு தெரியும் மேடம். ஆனா பேஷண்ட் படுத்திருக்காங்க. கால் வர்ல" என்றாள் அவள்.

இதைக் கேட்டுவிட்டுத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. பதிலாக, அந்த வார்டைச் செய்த கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டினேன். வாசலில் ஒரு செருப்பு ஸ்டாண்டு வையுங்கள் என்றேன். எதிர்முனையில் இருந்தவர் சிரித்தார். "நீங்க ஆபீஸ்ல பூஜை ரூமுக்குள்ள ஷூ போட்டுட்டுப் போவீங்களா?" என்று கேட்டதும் சிரிப்பு நின்றது. ஸ்டாண்டு வந்து சேரப் பல மாதம் ஆனது. வந்தபோதும் அதில் எதையும் வைக்க முடியவில்லை, சும்மா பார்க்கத்தான்.

வழியை அவளே கண்டுபிடித்தாள். திரை மூலையில் பொம்மையின் முடி, உடுப்பு, நிறம் எல்லாம் மாற்ற ஒரு பெட்டி உண்டு. அதற்குள் நுழைந்தால் வெளியே வரத் தெரியாமல் தவிப்பார்கள் என்று, கடைசி வாரம் வரை அதைக் காட்டவே மாட்டேன். அடுத்த நாள் நான் வருவதற்குள் அதற்குள் நுழைந்து, பொம்மைக்குத் தலையில் துணி போட்டு, ஷூவையும் கழற்றிவிட்டிருந்தாள். வெறுங்காலோடு பொம்மை நேராக என் கட்டிலுக்கு வந்தது.

"தண்ணி குடிங்கம்மா" என்றாள். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் வெறுங்காலோடு நர்ஸ் வார்டில் நடக்கக் கூடாது. ஊசி கிடக்கும், மருந்து சிந்தியிருக்கும். தேர்வில் அதற்கு மதிப்பெண் போகும். "ஐ.சி.யூ.வுக்குள்ள போவும்போது வெளிச் செருப்ப வுட்டுட்டு உள்ள வேற செருப்பு மாட்டுவோம்ல? அந்த மாதிரி செய்யேன்" என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. அன்றிலிருந்து வாசல் வரைக்கும் சாம்பல் ஷூ. வாசலில் நின்று பெட்டியைத் திறந்து வெள்ளை ஷூவுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வருவாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் அதையே செய்தார்கள். சாவியை அழுத்த வராது என்ற பெண்களெல்லாம் பெட்டியைத் திறந்து மூடுவதில் கெட்டிக்காரிகளாகிவிட்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு தொல்லை மட்டும் இருந்தது. எங்கள் மாடியில் இன்டர்நெட் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒருநாள் அவள் வாசலில் பெட்டியைத் திறந்தாள், அது அப்படியே உறைந்துவிட்டது. நான் உள்ளே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தேன். அவள் வாசலில் ஒரு காலில் வெள்ளை ஷூவும் மறு காலில் ஒன்றுமில்லாமலும் நிற்க, என் திரை சாம்பல் நிறமானது. செத்துப்போனேன்.

"பரீட்சை அன்னிக்கு இப்டி ஆச்சுன்னா வேலை போச்சு. அன்னிக்கு ஒருநாள் அப்படியே உள்ள வந்துடு, என்ன?" என்று கண்டிப்பாகச் சொன்னேன்.

"சரி மேடம்" என்றாள். என் மகள் சின்ன வயதில் இதே மாதிரிதான் சரி என்பாள். சொன்னதைச் செய்யப்போவதில்லை என்று அர்த்தம்.

தேர்வன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. மதிப்பெண் போடுபவர் வேறு ஊரில் உட்கார்ந்து பார்ப்பார், அவர் பொம்மை கண்ணுக்குத் தெரியாது. எனக்கு எழுதிக்கொடுத்த வசனத்தை மட்டும்தான் நான் பேச வேண்டும். அதிகமாக ஒரு வார்த்தை பேசினாலும் உதவி செய்த மாதிரி ஆகிவிடும். அன்றைக்கு நான் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போன நோயாளி. சீக்கிரம் வந்து கவனிக்காவிட்டால் நினைவு தப்பி, அப்புறம் போய்விடுவேன்.

அவள் முறை வந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் வாசல் மட்டும் தெரியும். பொம்மை தாழ்வாரத்தில் நடந்து வந்து வாசலில் நின்றது. நின்றேவிட்டது. பெட்டியைத் திறக்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாம்மா உள்ளே, வந்து தொலையேன் என்று மனசுக்குள் கத்தினேன். வசனத்தில் அது இல்லையே! எனக்கு எழுதியிருந்ததைச் சொன்னேன். "சிஸ்டர்... வேர்க்குது... கை நடுங்குது சிஸ்டர்."

பொம்மை ஓடி வந்தது. நடக்கவில்லை, ஓடியது. ஓடுவதற்கு இரண்டு சாவியைச் சேர்த்து அழுத்த வேண்டும், அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை. சாம்பல் ஷூவோடு நேராகக் கட்டிலுக்கு வந்து என் கையைப் பிடித்தாள். "நான் வந்துட்டேம்மா, பயப்படாதீங்க. உங்க பேரச் சொல்லுங்க பாக்கலாம்" என்றாள். பேர் எழுதிய கைப்பட்டையைப் பார்த்தாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள். நான் வசனப்படி தண்ணீர் கேட்டேன். வெறும் தண்ணீர் தராமல் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, டாக்டருக்குச் சொல்லிவிட்டு, மறுபடி சர்க்கரை பார்க்க என் பக்கத்திலேயே நின்றாள். என் திரை கடைசி வரைக்கும் பளிச்சென்று இருந்தது.

மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது. தேறிவிட்டாள். நான் சொல்லி முடிப்பதற்குள் அறையை விட்டு ஓடினாள். கணவர் கீழே தெருவில் ஒரு ஆட்டோவில் படுத்த வாக்கில் காத்திருந்தார், அவரால் மாடி ஏற முடியாது. நான் பின்னாலேயே வெளியே வந்தேன். வாசலில் அவளுடைய ரப்பர் செருப்பு கிடந்தது. கீழே தார் கொதிக்கிற வெயில்.

அந்தச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படி இறங்கினேன். ஆட்டோ பக்கத்தில் நின்று கணவரிடம் பேசிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்துப் பதறிவிட்டாள். "அய்யோ மேடம்! நீங்க போயி என் செருப்பத் தூக்கினு வரலாமா!"

"பேசாம மாட்டு. கால் வெந்துடப் போவுது" என்று கீழே போட்டேன். அவள் கால் நுழைக்கும்போது கேட்டேன். "வாசல்ல நின்னியே, பொட்டியத் தெறக்கத்தானே? அப்பறம் ஏன் ஷூவோட ஓடியாந்த?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இதையெல்லாம் கூடவா கேட்பார்கள் என்பதுபோல.

"நீங்க கூப்புட்டீங்களே மேடம்."

அவ்வளவுதான் சொன்னாள். ஆட்டோவுக்குள்ளிருந்து அவர் சிரமப்பட்டுத் தலையைத் தூக்கி எனக்கு ஸலாம் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெயிலைச் சாக்கு வைத்து மேலே ஏறி வந்துவிட்டேன்.

சாயங்காலம் மஞ்சக்குப்பத்தில் கதவைத் திறந்ததும் என் கணவர் வழக்கம்போலக் கேட்டார்.

"பொழச்சிட்டேன்" என்றேன். "ஆனா இன்னிக்கு டீ நீங்கதான் போடணும்."