கலவை இல்லாத சுவர்

என் அத்தையின் கணவர் கொத்தனார். எங்கள் தெருவில் பாதி வீடுகள் அவர் கட்டியவை. நடந்து போகும்போது ஏதாவது ஒரு சுவரைத் தட்டிப் பார்த்து, "நம்ம பய இன்னும் கெட்டியா நிக்கிறான்" என்பார். அத்தை விடமாட்டாள். ஊருக்கெல்லாம் சுவர் எழுப்பியவருக்குப் பொண்டாட்டி குளிக்க ஒரு மறைப்புக் கட்ட முடியவில்லையே என்று குத்துவாள்.

அது வெறும் கேலி இல்லை. அத்தைக்கு முழங்கால் தேய்ந்துபோயிருந்தது. குளிக்கும் இடமோ கொல்லைக் கடைசியில், படிகளுக்குக் கீழே. மழை நாளில் ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குவாள். சமையலறைக் கதவை ஒட்டி ஒரு குளியலறை இருந்தால் போதும். மாமா செங்கல்கூட வாங்கிப் போட்டிருந்தார்.

ஆனால் மனை அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அவருடைய அப்பா பாகம் பிரிக்காமலே இறந்துவிட்டார். மாமாவுக்குப் பாதி, அவருடைய அண்ணனுக்குப் பாதி. எது யாருடைய பாதி என்றுதான் யாருக்கும் தெரியாது. அண்ணன் கடைத்தெருவில் குடியிருந்தார். தம்பி கட்டிவிட்டால் அந்த இடம் தம்பிக்கே போய்விடும் என்று அவருக்குப் பயம். அஸ்திவாரம் தோண்டிய அன்று வந்து நின்றார்.

"இங்க ஒவ்வொரு பிடி மண்ணுலயும் எனக்குப் பாதி இருக்கு. நீ நிக்கிற இடத்துலயும்."

"அப்ப நான் ஒத்தக் கால்ல நின்னுக்கறேண்ணே. அவ குளிக்க மட்டும் இடம் விடு."

அண்ணன் சிரிக்கவில்லை. நீதிமன்றத்தில் தடை வாங்கினார். மாமா பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார். வக்கீல் பொறுமையாக விளக்கினார்: பிரிக்காத நிலத்தில் பங்காளி ஒவ்வொருவருக்கும் முழு நிலத்திலும் உரிமை உண்டு. அண்ணன் மாமாவை வெளியே போகச் சொல்ல முடியாது. மாமாவும் அண்ணனை உள்ளே வராதே என்று சொல்ல முடியாது. பிரியும்வரை ஒருவர் மட்டும் நிரந்தரமாக எதையும் கட்டக் கூடாது.

நிரந்தரம் என்ற சொல்லை மாமா பிடித்துக்கொண்டார்.

வழக்கு வாய்தா வாய்தாவாக இழுத்தது. ஒரு விடுமுறை நாளில் அவர் நூல் கட்டி, தூக்குக்குண்டு விட்டு, சமையலறைக் கதவருகே செங்கலை அடுக்கினார். சிமெண்டுக் கலவை ஒரு கரண்டிகூட வைக்கவில்லை. மூன்று பக்கமும் நெஞ்சளவு, மேலே தார்ப்பாய். பார்த்தால் நிஜச் சுவர் மாதிரியே இருந்தது. அதுதான் வினையாகிவிட்டது. கையை மட்டும் ஊன்றிவிடாதே என்று தினமும் சொல்வார்.

"உங்கள நம்பி வந்தவ, உங்க செவுத்த நம்பக் கூடாதா?" என்பாள் அத்தை.

ஒருநாள் குளித்துவிட்டு எழும்போது முழங்கால் மடங்கியிருக்கிறது. அவள் சுவரைப் பிடித்தாள். சுவர் அவளோடு சேர்ந்து விழுந்தது. இடுப்பெலும்பு முறிந்து படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சளி கட்டி, அந்த மழைக்காலத்திலேயே போய்விட்டாள்.

அண்ணன் வந்தார். உள்ளே வராமல், சரிந்து கிடந்த செங்கல் பக்கத்தில் நெடுநேரம் நின்றார். மாமா வெளியே வந்தபோது, "தடைய எடுக்கச் சொல்லிட்டேன். நீ கட்டிக்கோடா" என்றார்.

"யாருக்குண்ணே?" என்றார் மாமா.

யார் மேல் கோபப்படுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அண்ணன் கெட்டவர் இல்லை. தன் பங்கு போய்விடக் கூடாது என்றுதான் நினைத்தார். வக்கீல் சொன்னதும் பொய்யில்லை.

பிறகு நிலத்தைப் பிரித்தார்கள். நூலின் ஒரு முனையை அண்ணன் பிடித்தார், மறுமுனையை மாமா பிடித்தார். வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. எந்தப் பக்கம் வேண்டுமோ எடுத்துக்கொள் என்று அண்ணன் சொன்னதற்கு, மாமா செங்கல் கிடந்த பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அங்கே அவர் எதுவும் கட்டவில்லை. குளிப்பதற்குப் பழையபடி கொல்லைப் படிகளில் இறங்கித்தான் போகிறார்.