முப்பத்தேழு படங்கள்

அலுவலகத்தில் அவளுக்குத் ‘தசமம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும், அதில் அவளுக்கு வருத்தமும் கிடையாது. இருபத்தாறு அணைகளின் நீர்மட்டத்தை வாராவாரம் வரைபடமாக்கி மேலே அனுப்புவது அவள் வேலை. இருபத்தொன்பது வருடமாக அதே மூன்றாவது மாடி, அதே ஜன்னலோர மேசை. நாற்காலி மட்டும் இரண்டு முறை மாறியிருக்கிறது.

படித்தது புள்ளியியல். கணினி நிரல் எழுதக் கற்றது நாற்பத்தாறு வயதில். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர் மாற்றலாகிப் போனார், வேறு ஆள் வரவில்லை, இவள் தலையில் கட்டினார்கள். வரைபடம் வரைய இலவசமாகக் கிடைக்கும் ஒரு நிரல் தொகுப்பு இருந்தது. உலகமெங்கும் யார் யாரோ சேர்ந்து சம்பளமில்லாமல் எழுதுவது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதும் தள்ளுவதும் அதைப் பராமரிப்பவர்கள் இஷ்டம்.

அவளுடைய தீராத தலைவலி எண்கள்தான். அந்தத் தொகுப்பு பயன்படுத்தும் எழுத்துருவில் ஒன்று ஒல்லி, எட்டு குண்டு. ஒன்றின் கீழ் ஒன்றாக மட்டங்களை அடுக்கினால் தசமப் புள்ளிகள் குடித்தவன் நடை நடந்தன. இதைப் பற்றி இதுவரை ஒருவரும் புகார் சொன்னதில்லை. அதனாலென்ன, அவளுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் இருபத்தாறு எண்களையும் கையால் நகர்த்தி நேராக்கினாள். முக்கால் மணி நேரம் போகும்.

ஒருநாள் தெரிந்தது, அதே எழுத்துருவுக்குள் சம அகல எண்கள் இன்னொரு வரிசை சும்மா கிடக்கின்றன என்று. கேட்டால் கொடுக்கும். அந்தத் தொகுப்புக்குக் கேட்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். சரி, கேட்க வைப்போம் என்று உட்கார்ந்தாள். பத்து வரியில் முடியும் என்று நினைத்தது பதினான்கு மாதம் இழுத்தது. எழுத்து வரைகிற இடத்தில் கை வைத்தால் தலைப்பு, அச்சு, குறிப்பு என்று எல்லாம் ஆடுகிறது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

அவளுடைய திருத்தத்தைப் பார்வையிட்ட பராமரிப்பாளரை அவள் நேரில் பார்த்ததில்லை. அவர் பெயருக்குப் பக்கத்தில் ஓர் ஆந்தைப் படம் இருக்கும். வீட்டில் அவர் பெயரே ஆந்தை ஆகிவிட்டது. “என்ன, ஆந்தை இன்னிக்கு என்ன சொல்லுது?” என்று அவள் கணவர் காப்பிக் கோப்பையோடு வந்து எட்டிப் பார்ப்பார். அவர் கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி வைத்திருந்தார். கணினியில் அவருக்குத் தெரிந்தது அணைப்பது மட்டும்.

இதில் ஒரு கெடு இருந்தது. அலுவலகக் கணினிப் பிரிவு ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் எந்த மென்பொருளையும் புதுப்பிக்கும். இந்த முறை, வரும் வெள்ளிக்கிழமை வெளியாகும் பதிப்பைப் போட்டுப் பூட்டிவிடுவார்கள். அவளுக்கு ஓய்வு பெற மூன்று வருடம் பாக்கி. இந்தப் பதிப்பில் தன் திருத்தம் வராவிட்டால், தான் செய்ததைத் தன் மேசையில் அவள் ஒருநாளும் பார்க்கப் போவதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

திருத்தம் எதுவானாலும் ஒரு சோதனை உண்டு. கணினி இரண்டாயிரத்துச் சொச்சம் படங்களைப் புதிதாக வரைந்து, ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருக்கும் மாதிரிப் படங்களோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிடும். அவள் திருத்தத்தில் முப்பத்தேழு படங்கள் ஒத்துப்போகவில்லை. முதல் ஆறைத் திறந்து பார்த்தாள். எழுத்து மயிரிழை நகர்ந்திருந்தது, வேறொன்றுமில்லை. எழுத்தில் கை வைத்தால் அப்படி நகர்வது வழக்கம்தான். பழைய மாதிரிகளை எடுத்துவிட்டுப் புதிய படங்களையே மாதிரியாக வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். மீதி முப்பத்தொன்றையும் பார்க்காமலே அந்தக் கட்டளையைக் கொடுத்தாள். சோதனை முழுக்கப் பச்சை, எல்லாம் தேறிவிட்டன. பரீட்சை எழுதியவளே விடைத்தாளையும் திருத்திக்கொண்டால் நூற்றுக்கு நூறு வராமல் என்ன செய்யும்?

திங்களன்று ஆந்தை எழுதினார்: ‘படங்களைப் பார்த்தேன். நன்று. சேர்த்துவிட்டேன்.’

“லைசென்ஸ் வந்தாச்சா!” என்று கணவர் கைதட்டினார். அவள் சிரித்தாள். அன்று முழுக்கச் சிரித்த முகமாகவே இருந்தாள்.

புதன்கிழமை உணவு இடைவேளையில், ஆசைக்கு ஒரு பழைய வருடத்தின் கணக்கைப் புதிய தொகுப்பில் வரைந்து பார்த்தாள். மழை பொய்த்த வருடம். மதகின் மட்டத்தைத்தான் பூஜ்யம் என்று வைத்து அளப்பார்கள். தண்ணீர் அதற்கும் கீழே போன மாதங்கள் அவை. தசமப் புள்ளிகள் நூல் பிடித்த மாதிரி நின்றன. கண் நிறையப் பார்த்தாள். பிறகுதான் இடது ஓரத்தைப் பார்த்தாள். மேலே நாலு, இரண்டு, பூஜ்யம். கீழேயும் இரண்டு, நாலு. கழித்தல் குறியைக் காணோம். வறண்ட அணையில் நாலு மீட்டர் தண்ணீர் நின்றது.

காரணம் பத்து நிமிடத்தில் அகப்பட்டது. சில எழுத்துருக்களில் அந்தக் குறி கிடையாது. வேறொன்றிலிருந்து இரவல் வாங்க வேண்டும். அவள் எழுதிய வழியில் அந்த இரவல் விட்டுப்போயிருந்தது. முப்பத்தேழு படங்களையும் ஒழுங்காகத் திறந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று, மறைத்தது தனக்கே தெரியாமல்.

தப்பிக்கவும் வழி இருந்தது. அலுவலகத்துக்குக் குறி உள்ள வேறு எழுத்துருவை வைத்துக்கொண்டால் அவள் அணைகளுக்கு ஆபத்தில்லை. மற்றவர்களுக்கு அடுத்த பதிப்பில் சரிசெய்யலாம். அதற்குள் எங்கோ பனி கொட்டும் ஊரில் மைனஸ் பத்து வெறும் பத்தாகும்.

அன்று மாலை துணி மடிக்கும்போது கணவரிடம் சொன்னாள்.

“ஆந்தை கேட்டுதா?”

“கேக்கல.”

“யாருமே பாக்கலையே. அப்புறமென்ன?”

“நான் பாத்துட்டேனே.”

அவர் போர்வையின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தார்.

“நீங்களா இருந்தா சொல்லமாட்டீங்களா?” என்று கேட்டாள்.

“சொல்லமாட்டேன்” என்றார். “தூக்கமும் வராது. நீ சொல்லிட்டு நிம்மதியா தூங்கு.”

ஒளிவு மறைவில்லாமல் எழுதினாள். ‘மாதிரிப் படங்களைப் பார்க்காமல் மாற்றியது நான். கழித்தல் குறி மறைகிறது. வெளியிட வேண்டாம்.’ இரண்டு நாளில் சரிசெய்து தருகிறேன் என்று ஒரு வரி சேர்த்தாள். எழுத்து வரைவதில் அவசரம் எங்கே கொண்டு விட்டது என்று இப்போதுதானே பார்த்தாள். அந்த வரியை அழித்தாள்.

மறுநாள் காலை பதில் இருந்தது. ‘திருத்தத்தை வெளியே எடுத்துவிட்டேன். அடுத்த பதிப்பில் பார்ப்போம். ஒன்று சொல்ல வேண்டும். படங்களைப் பார்த்தேன் என்று எழுதினேன். பார்க்கவில்லை. நீங்கள் பார்த்திருப்பீர்கள் என்று நினைத்தேன்.’

இதைப் படித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது. அப்புறம் கோபப்படத் தனக்கு என்ன யோக்கியதை என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, முப்பத்தேழையும் பார்த்தாள். ஐந்தில் குறி இல்லை.

செவ்வாயன்று கணினிப் பிரிவு அதிகாரி புதிய பதிப்பை அவள் கணினியில் போட வந்தார். வயதில் சின்னவர், பயந்த சுபாவம். மாற்றம் என்றாலே அவருக்கு ஜுரம். இந்த விவகாரம் எதுவும் அவருக்குத் தெரியாது. போட்டு முடித்ததும் ஒரு வரைபடத்தை வரையச் சொன்னார். வரைந்தாள். பழைய தாளைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு எண்ணாக விரலால் தொட்டு நிதானமாக ஒப்பிட்டார். முகம் மலர்ந்தது.

“பாருங்க மேடம், ஒண்ணுமே மாறல! அப்படியே இருக்கு. இனி அஞ்சு வருஷத்துக்கு யாரும் உங்களத் தொந்தரவு பண்ண மாட்டாங்க.”

“ரொம்ப நன்றிங்க” என்றாள்.

அவர் போனபின் மாடிப்படிக்குப் போய், ஜன்னல் பக்கம் திரும்பி நின்று அழுதாள். கீழேயிருந்து யாரோ ஏறி வரும் சத்தம் கேட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினாள்.