எதிரே ஏறி வந்த இருவர்

நாள்கணக்காகக் கொட்டிய பனி ஓய்ந்து, நல்ல வெயில் அடித்த ஞாயிற்றுக்கிழமை அது. வீட்டிலிருந்து அதிகாலையில் கிளம்பி நானும் மனைவியும் டாஹோ பனிமலைப் பக்கம் போயிருந்தோம். பனியில் கால் புதையாமலிருக்க வாடகைக்கு எடுத்த ஸ்னோஷூவை மாட்டிக்கொண்டு பைன் மரங்களுக்கு நடுவே வெகுநேரம் நடந்தோம். மரங்கள் முடிந்து செங்குத்தான வெள்ளைச் சரிவு தொடங்கும் இடத்தில், காலுக்கடியில் 'தொம்' என்று ஒரு சத்தம். நாங்கள் நின்றிருந்த பனிப்பரப்பு முழுவதும் லேசாக உள்ளே இறங்கியது.

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "புது பனிக்கு அடியில ஒரு லேயர் வீக்கா இருக்கு, இந்த மாதிரி சத்தம் கேட்டா திரும்பிடுங்கன்னு காலையில பனிச்சரிவு ரிப்போர்ட்ல போட்டிருந்தாங்க. சரிவே மொத்தமா கழண்டு வந்துடுமாம். வாங்க, போயிடலாம்."

மேலே போய் நாலு போட்டோ எடுக்க முடியவில்லையே என்ற எரிச்சலோடு திரும்பினேன்.

பாதி வழியில் நடுவயதுத் தம்பதி ஒன்று எதிரே ஏறி வந்தது. காலில் சொந்த ஸ்கீ, முதுகுப் பையில் பனியில் புதைந்தவரைத் தோண்ட மடக்கு மண்வெட்டி, வெயிலில் பழகிய முகங்கள். அந்தப் பெண் சிரித்தபடி, எவ்வளவு அழகான நாள் என்றார். என் மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் அவள் முழங்கையை அழுத்தினேன். அவர்கள் கடந்து போனார்கள்.

"ஏன் தடுத்தீங்க?"

"அவங்களுக்குத் தெரியாததா? வாடகை ஷூல வந்துட்டு நாம அவங்களுக்கு கிளாஸ் எடுக்கணுமா?"

பார்க்கிங்கில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மீட்புக் குழுவின் வண்டி வந்தது. மேலே சரிவு இடிந்து ஒரு பெண் புதைந்துவிட்டார் என்றார்கள். கிளம்பிப் போக எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை. காத்திருந்தோம்.

எதிரே வந்த அந்தப் பெண்ணைத்தான் பனிச்சறுக்கு வண்டியில் வைத்து இறக்கினார்கள். உயிர் இருந்தது. கால் முறிந்திருந்தது. உதடுகள் நீலம் பாரித்திருந்தன. கணவர்தான் தோண்டி எடுத்திருக்கிறார். அவரிடம் போய், எங்கள் காலடியில் சத்தம் கேட்டதையும், அதைச் சொல்லாமல் விட்டதையும் சொன்னேன்.

"எங்களுக்கும் கேட்டது. ஒரு தடவைதானே என்று மேலே போனோம்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவர் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார்.

காரில் ஏறியதும், "பாத்தியா, நாம சொல்லியிருந்தாலும் போயிருப்பாங்க," என்றேன். எனக்கு அப்படி ஒரு வார்த்தை தேவைப்பட்டது.

ஃப்ரீவேயில் ஏறியதும் அவள், "போயிருக்கலாம். ஆனா, 'இவங்களுக்கும் கேட்டுச்சா'ன்னு ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சிருப்பாங்கல்ல?" என்றாள். அந்த ஒரு நிமிஷத்தைத் தராமல் விட்டது நான்தான். அந்தக் கணவர் என்னைக் குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் வேறொரு மலையிலும் அதே சத்தம் கேட்டுத் திரும்பினோம். எதிரே வந்த இளைஞர்களை இந்த முறை நான் நிறுத்திச் சொன்னேன். நாக்கு குழறியது. கேட்டுக்கொண்டார்கள், நன்றி சொன்னார்கள், மேலே போனார்கள். அவர்கள் இறங்கி வரும்வரை நாங்கள் வண்டியை எடுக்கவில்லை.