சயாம் லாரிக்குப் பயந்து போன தீவு

ஜப்பான்காரன் காலத்தில் நாங்கள் சுவா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். பால் வெட்டு நின்றுபோய் மரவள்ளி நட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தோம். எனக்குக் கல்யாணமான புதிது. சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க லாரி வருகிறது என்று எங்களை வேலை வாங்கும் மண்டோர் வந்து சொன்னதும், என் கணவர் எங்களுக்கு மீன் கொண்டுவரும் மலாய்க்காரரிடம் ஓடினார். தன் படகில் ஒரு தீவுக்குக் கொண்டுபோய் விடுவதாக அவர் ஒப்புக்கொண்டார்.

கணவரின் அண்ணனையும் கூப்பிட்டோம்.

"மூச்சிரைப்புக்காரன எவன்லா பிடிப்பான்? நீங்க போங்க. அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்றார்.

விடியற்காலை மூடுபனியில் கடலும் வானமும் ஒன்றாகக் கிடந்தன. படகு எதன்மேல் போகிறது என்றே தெரியவில்லை. மலாய்க்காரர் எங்களை இறக்கிவிட்டு, ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டி, லாரி போனதும் வருவதாகச் சொல்லிப் போனார்.

அங்கே எங்களைத் தவிர மனிதர் இல்லை. ஈர மணலில் பெலாங்காஸ் நண்டுகள், கவிழ்த்த சட்டிபோல, ஒன்றை ஒன்று பற்றிக்கொண்டு ஊர்ந்தன. இருவாச்சிகள் தலைக்கு மேல் பறந்தபோது யாரோ பெருமூச்சு விடுவதுபோல் கேட்டது. ஓர் உடும்பு வந்து எங்கள் கிழங்கைப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பிப் போனது.

காட்டு மேட்டில் பழங்காலத்துக் கற்கள் ஆளுயரத்துக்கு நட்டிருந்தன. பாசிக்கு அடியில் ஏதோ பறவை செதுக்கப்பட்டிருந்தது.

"சாமியாங்க?"

"யாரு சாமியோ. கும்பிட்டுக்க, புள்ள."

நான் பூ வைத்தேன். அவர் கல்லில் காதை வைத்து, "கடல் சத்தம் கேக்குது" என்று வாய்விட்டுச் சிரித்தார். தோட்டத்து லயத்து வீட்டில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமியார் படுத்திருப்பார். அதனால் என் கணவர் சிரித்து நான் அதுவரை கேட்டதே இல்லை. எத்தனை நாள் இருந்தோமோ தெரியாது. ஊரெல்லாம் நடுங்கிய அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

மலாய்க்காரர் திரும்பி வந்தபோது எங்கள் முகத்தைப் பார்க்காமல் படகில் ஏறச் சொன்னார். தோட்டத்துக்குப் போன பிறகுதான் தெரிந்தது, லாரியில் அண்ணனையும் ஏற்றிவிட்டார்கள்.

மாமியார், "வெயில்ல கறுத்துப்போயிட்டியேம்மா" என்று சொல்லி எனக்குக் கிழங்கு எடுத்து வைத்தார். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

சண்டை முடிவதற்குள் எங்களுக்கு மகள் பிறந்துவிட்டாள். சயாமிலிருந்து ஆட்கள் திரும்பி வருகிறார்கள் என்று கேள்விப்படும்போதெல்லாம் கணவர் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு தம்பின் ஊர் ரயிலடிக்குப் போய் நிற்பார். இறங்கியவர்களில் அண்ணன் இல்லை.